வானோடு திரும்பும் தாங்கி

பனைமரத்தின் உச்சியில் வந்து நிற்கும் முழுமதியை முற்றத்தில் நின்று சிறிது நேரம் உற்று நோக்குபவர் ஓர் உண்மையை எளிதிற் கண்டுகொள்வர். மதி அங்கே நிற்பதில்லை. ஏறக்குறைய 2 நிமிடத்துக்குள் தன் அகலத்தின் அளவு தூரம் மேற்கே நகர்ந்து ஓலையின் மறைவிற் புகுந்துவிடுகிறது. விண்மீன்களும் அவ்வாறே நகர்கின்றன. பூமியின் சுழற்சியே இதற்குக் காரணம் என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். மணிக்கு 15 பாகை, 4 நிமிடத்துக்கு ஒரு பாகை என்பது அதன் கணக்கு. வெறுங்கண்ணாற் பார்ப்பவருக்கு இது தடையாவதில்லை. வானத்தை ஒளிப்படமாகப் பிடிக்க விரும்பியவர்களுக்கோ, ஒளிப்படக்கலை தோன்றிய நாள் முதலாக, இந்த மெல்லிய நகர்வே பெரும் பகையாக இருந்து வந்திருக்கிறது.

கண்ணுக்கும் ஒளிப்படத் தட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மங்கிய பொருளொன்றைக் கண் எவ்வளவு நேரம் நோக்கினாலும், முதற் கணத்திற் கண்டதைவிட மிகுதியாகக் காண்பது அரிது. தட்டோ தன்மேல் விழும் ஒளியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கவல்லது. நேரம் கூடக்கூடப் படமும் துலங்கும். ஆயின் அந்நேரம் முழுவதும் ஒளி தட்டின் ஒரே இடத்தில் விழுதல் வேண்டும். விண்மீன் நகர்ந்துகொண்டே இருந்தால் புள்ளியாக விழ வேண்டியது கோடாகிவிடும். ஆகவே வானத்தைப் படம் பிடித்த வரலாறு, வில்லையினதும் ஆடியினதும் வரலாறாக இருப்பதைப் போலவே, அவற்றைச் சுமந்து வானோடு திரும்பிய தாங்கியின் வரலாறாகவும் இருக்கிறது. அத்தாங்கிகளுட் பல பெரிய வானாய்வு நிலையங்களிற் பிறந்தவையல்ல. வீட்டுத் தோட்டத்திலும் பட்டறையிலும் தம் கையாலேயே முயன்றவர்கள் ஆக்கியவை அவை.

தாங்கியின் தத்துவம் எளியது. பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சை நிறுத்தி, அதன்மேல் தொலைகாட்டியைப் பொருத்தி, பூமி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் 23 மணி 56 நிமிடம் 4 செக்கனுக்கு ஒரு சுற்று என்ற வேகத்திற் திருப்பினால், தொலைகாட்டிக்கு வானம் அசையாது நிற்பதாகவே தோன்றும். அந்த அச்சு வானத்தின் துருவத்தை நோக்க வேண்டும். தரையிலிருந்து அது எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பதை அவ்விடத்தின் அகலக்கோடே தீர்மானிக்கும். இலண்டனில் அது ஏறத்தாழ 51½ பாகை. யாழ்ப்பாணத்தில் 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. கொழும்பில் 7 பாகை.

இத்தத்துவத்தைப் பெரிய தொலைகாட்டியொன்றிற் சிறப்புறச் செயற்படுத்திக் காட்டியவர் ஜேர்மனியரான ஜோசப் ஃபிரவுன்ஹோஃபர். இன்று எஸ்தோனியாவில் தார்த்து என வழங்கும் தோர்ப்பாற்று நகரின் வானாய்வு நிலையத்துக்கு 1824ஆம் ஆண்டில் அவர் ஆக்கியளித்த தொலைகாட்டி, துருவத்தை நோக்கிய அச்சிலே அமர்ந்து, கீழிறங்கும் பாரத்தினால் இயங்கும் கடிகாரப் பொறியினால் வானைத் தொடர்ந்தது. பிற்காலத்துத் தாங்கிகள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. எனினும் அது கண்ணாற் பார்ப்பதற்காக ஆக்கப்பட்டது. பார்ப்பவனின் கண் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். தட்டு ஒரு பிழையையும் பொறுப்பதில்லை என்பதை உலகம் அறிய மேலும் சில ஆண்டுகள் சென்றன.

1839ஆம் ஆண்டிற் பாரிசிலே டகேர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜோன் வில்லியம் டிரேப்பர், சுமார் 20 நிமிடம் ஒளி காட்டி மதியின் படமொன்றைப் பெற்றார். விண்மீனொன்றின் முதற் படம் 1850 யூலை 17ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வு நிலையத்தில் எடுக்கப்பட்டது. அபிசித்து என நம்மவர் வழங்கும் வேகா என்னும் விண்மீன் அது. நிலையத் தலைவர் பொண்டும், விப்பிள் என்னும் ஒளிப்படக்காரரும் அதனை எடுத்தனர். அங்கே இருந்தது 15 அங்குல விட்டமுள்ள சிறந்த தொலைகாட்டி. ஆயினும் அதன் கடிகாரப் பொறி சீராக இயங்காது துள்ளித் துள்ளிச் சென்றமையால், மங்கிய விண்மீன்களைப் பிடிக்கும் முயற்சி கைகூடவில்லை. 1857இல், செம்மைப்பட்ட பொறியோடும் புதிய கொலோடியன் தட்டோடும் முயன்றபோதுதான், வசிட்டரும் அருந்ததியும் ஒரே தட்டில் இரு புள்ளிகளாகப் பதிந்தனர். திருமணத்தன்று மணமக்களுக்குக் காட்டப்படும் அதே இணையே இது.

இக்காலத்தில் இலண்டனில் வாழ்ந்த வரன் டி லா ரூ என்பவரின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. தபால்முத்திரைகளையும், பிற்காலத்தில் இலங்கையின் நாணயத்தாள்கள் பலவற்றையும் அச்சிட்ட அச்சக நிறுவனத்தை நடத்திய குடும்பத்தவர் அவர். வானியல் அவருக்குத் தொழிலன்று, விருப்பம். 13 அங்குல ஆடியைத் தாமே தேய்த்து உருவாக்கித் தம் வீட்டிலே தொலைகாட்டி அமைத்திருந்தார். 1852இன் இறுதியில், கொலோடியன் பூசிய ஈரத்தட்டைக் கொண்டு மதியைப் படம் பிடிக்க முற்பட்டார். அவருடைய தாங்கிக்குக் கடிகாரப் பொறி இல்லை. ஆகவே தட்டுச் சட்டத்தையே நகர்த்தத்தக்கதாகச் செய்து, படலத்தினூடே தெரியும் மதியின் குழியொன்றைக் குறியாகக் கொண்டு, அது விலகாதவாறு கையாலேயே தட்டை நகர்த்திச் சென்றார்.

மூச்சை அடக்கிக்கொண்டு சில செக்கன் நேரம் இவ்வாறு செய்தல் கூடும், நெடுநேரம் கூடாது. படங்கள் சில நன்றாகவே வந்தன. ஆயினும் கையின் நடுக்கத்தை வெல்ல இயலாது என்பதை உணர்ந்த டி லா ரூ, கடிகாரப் பொறி கைக்கு வரும்வரை அம்முயற்சியையே நிறுத்தி வைத்தார். 1857இல், நகரப் புகைக்கு அப்பாலுள்ள கிரான்போர்டு என்னும் ஊருக்குத் தொலைகாட்டியைக் கொண்டு சென்று, பொறியையும் பூட்டிய பின்னரே மீண்டும் தொடங்கினார். அதன்பின் அவர் எடுத்த மதியின் படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஆடியும் மதியும் அவையே. மாறியது தாங்கி ஒன்றுதான்.

ஈரத்தட்டுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அது உலர்வதற்கு முன் படமெடுத்து முடிக்க வேண்டும். 1870களின் இறுதியில் ஜெலட்டின் பூசிய உலர்தட்டுகள் கடைகளில் விற்பனைக்கு வந்தபோது அக்கட்டு அறுந்தது. இனி ஒரு மணி நேரமாயினும் ஒளி காட்டலாம். முன்பு கூறிய டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டெம்பர் 30ஆம் நாள் ஹட்சன் ஆற்றங்கரையிலிருந்த தம் வானாய்வுக் கூடத்திலே, ஓரியன் நெபுலா எனப்படும் வான்முகிலை 51 நிமிடம் ஒளி காட்டிப் படம் பிடித்தார். நெபுலா ஒன்றின் முதற் படம் அதுவே. மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் அதே விண்மீன் கூட்டத்தில், வேட்டுவனின் வாளிலே மங்கலாகத் தெரியும் சிறு வெண்மையே அந்த நெபுலா. மருத்துவம் பயின்ற அவர் 1882இல் தமது 45ஆம் வயதிலேயே காலமானார்.

அந்த வெண்மையைத் தொடர்ந்து சென்ற மற்றொருவர் இங்கிலாந்தின் அன்றூ எயின்ஸ்லி கொமன். 1841இற் பிறந்த கொமன், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். கழிவுநீர், சுகாதார வேலைகளைச் செய்யும் பொறியியல் நிறுவனத்திற் பணியாற்றி முன்னுக்கு வந்தவர். குழாயும் வாயிலும் தொட்டியும் அவருடைய அன்றாடப் பொருள்கள். இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஈலிங்கிலே, தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடியுடைய தொலைகாட்டியொன்றை நிறுவ அவர் தீர்மானித்தார். ஆடியை ஜோர்ஜ் கல்வர் என்னும் கைவினைஞரிடம் வாங்கினார். தாங்கியையோ தாமே வகுத்தமைத்தார்.

இத்தாங்கியிற் கொமனின் தொழிலறிவு துலங்கிற்று. பெருஞ்சுமையைத் தாங்கும் அச்சு, உராய்வினால் இறுகிப் பின் திடீரென விடுபடும். அப்போது தொலைகாட்டி துள்ளும். விண்மீன் கோணலாகப் பதியும். கொமன் துருவ அச்சின் ஒரு பகுதியை உள்ளீடற்ற உருளையாக்கி, அதனைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். நீரிற் கட்டுமரம் மிதப்பது போலப் பாரத்தின் பெரும்பகுதியைப் பாதரசமே ஏற்றுக்கொண்டது. எஞ்சிய சிறு பாரத்தைக் கடிகாரப் பொறி இலகுவாகத் திருப்பிற்று. பொறியின் பிழையைத் திருத்துவதற்கு, தட்டைத் தாங்கும் சட்டத்தையே சிறு திருகாணிகளால் அசைக்கும் வழியையும் அவர் கையாண்டார். டி லா ரூ வெறுங்கையாற் செய்ய முயன்றதைத் திருகாணியின் நுண்மையோடு செய்தார் எனலாம்.

வெற்றி உடனே வரவில்லை. 1880இல் அவர் ஓரியனைப் பிடிக்க எடுத்த முதல் முயற்சி பயனற்றுப் போயிற்று. தட்டையும் பொறியையும் மாறி மாறித் திருத்தினார். இலண்டனின் மாரிகால வானம் முகில் விலகிக் கிடைப்பது அரிது. கிடைத்த இரவுகளிற் குளிரிலே நின்று விண்மீனைக் குறிதவறாது காக்க வேண்டும். மூன்றாண்டு முயற்சியின்பின், 1883 சனவரி 30ஆம் நாள் 37 நிமிடம் ஒளி காட்டிய தட்டிலே நெபுலாவின் மடிப்புகளும் இழைகளும் தெளிவாகத் துலங்கின. அதே ஆண்டில் ஒரு மணி நேரம்வரை ஒளி காட்டிய படத்தில், பெரிய தொலைகாட்டியின் ஊடாகவும் மனிதக்கண் காணாத விண்மீன்கள் பதிந்திருந்தன. ஓவியம் வரைந்தே நெபுலாக்களை ஆராய்ந்து வந்த காலம் அத்துடன் முடிவுக்கு வரத் தொடங்கிற்று. 1884இல் அரச வானியற் சங்கம் அவருக்குத் தன் பொற்பதக்கத்தை வழங்கிற்று.

அத்தொலைகாட்டியின் பின்வரலாறும் ஒரு பாடத்தைத் தருகிறது. 1885இற் கொமன் அதனை ஹலிபாக்ஸ் நகரச் செல்வர் எட்வர்ட் குறொஸ்லிக்கு விற்றார். அவர் 1895இல் அதனைக் கலிபோர்னியாவிலுள்ள லிக் வானாய்வு நிலையத்துக்கு அன்பளிப்புச் செய்தார். இங்கிலாந்தின் அகலக்கோட்டுக்கென ஆக்கப்பட்ட அத்தாங்கியை, 37 பாகை அகலக்கோட்டிலுள்ள மலையுச்சிக்கு ஏற்பச் சாய்த்துத் திருத்த வேண்டியதாயிற்று. அங்கிருந்தோர் எல்லாரும் அதனை விரும்பவில்லை. நிலையத்தின் தலைவராக 1898இல் வந்த ஜேம்ஸ் கீலர் அதனைத் தாமே ஏற்று, பொறுமையோடு திருத்தி இயக்கினார். அவர் எடுத்த தட்டுகளில் எதிர்பாராத அளவுக்குச் சுருள் நெபுலாக்கள் தென்பட்டன. அவை நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறு விண்மீன் தொகுதிகள் என்பது பிற்காலத்திற் தெளிவாயிற்று. ஒரு வீட்டுத் தோட்டத்திலே பிறந்த கருவி, அண்டத்தின் பரப்பையே விரித்துக் காட்டும் பணிக்குத் துணைநின்றது.

கல்வர் என்னும் அக்கைவினைஞரின் ஆடியொன்று இலங்கைக்கும் வந்தது. கொழும்பிற் பிறந்து, பிரித்தானியப் படையின் பொறியியற் பிரிவில் அதிகாரியாகத் திருகோணமலையிற் பணியாற்றிய பேர்சி மோல்ஸ்வேர்த் என்பவர், கல்வர் ஆக்கிய 12½ அங்குலத் தொலைகாட்டியால் வியாழனை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். 1901இல் வியாழனின் தென்பகுதியில் எழுந்த பெருங் குழப்பமொன்றை அவர் கண்டறிந்தமை வானியல் நூல்களில் இடம்பெற்றுள்ளது. அவரும் வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். 1908இல் திருகோணமலையிலேயே அவர் காலமானார்.

கொமனும் டி லா ரூவும் தம் கையால் உழைத்தவர்களாயினும் பொருள் வசதி உடையவர்கள் என்பதை மறத்தலாகாது. வசதியற்றோரும் இத்துறையில் இறங்குதற்கு வழி 1920களில் திறந்தது. அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் என்னும் சிற்றூரில், ரசல் போட்டர் என்பவர் 1920இல் ஊரவர்க்குத் தொலைகாட்டி ஆக்கும் முறையைக் கற்பிக்கத் தொடங்கினார். வந்தவர்களுட் பெரும்பாலோர் இயந்திரத் தொழிற்சாலையிற் பணிபுரிந்தோர். தண்ணீர்க் குழாயின் இணைப்புத் துண்டுகளையும் பழைய வாகனங்களின் உதிரிப்பாகங்களையும் கொண்டு தாங்கி அமைக்கும் முறைகள் அங்கிருந்தும் அதனையொத்த பிற குழுக்களிலிருந்தும் பரவின.

தாங்கியை ஆக்கினால் மட்டும் போதாது. அதன் அச்சைத் துருவத்துக்கு நேராக நிறுத்தவும் வேண்டும். துருவ நட்சத்திரம் தெரியுமிடத்தில் இது எளிது. அந்த நட்சத்திரமும் உண்மையான துருவத்திலிருந்து முக்காற் பாகைக்குச் சற்றுக் குறைவாக விலகியே நிற்கிறது. அது சுவரினால் மறைக்கப்பட்ட இடத்தில் என் செய்வது? இதற்கு விடை, ஜேர்மனியின் பொட்ஸ்டாம் வானாய்வு நிலையத்திற் பணியாற்றிய யூலியுஸ் ஷைனரின் பெயரால் வழங்கும் முறையிற் கிடைத்தது. உச்சிக் கோட்டருகே நிற்கும் விண்மீனொன்றைத் தொலைகாட்டியிற் பிடித்துச் சில நிமிடம் தொடர வேண்டும். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே விலகியிருக்கிறது. இது வட அரைக்கோளத்துக்கு உரிய விதி. கீழ்வானத்து விண்மீனைக் கொண்டு அச்சின் சாய்வையும் இவ்வாறே சோதிக்கலாம். துருவத்தையே காணாமல் துருவத்தை அறியும் வழி இது.

தாங்கியை மிக எளிய வடிவுக்குக் கொண்டுவந்த பெருமை ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜி. வை. ஹேய்க் என்பவருக்கு உரியது. 1975இல் அமெரிக்க வானியற் சஞ்சிகையொன்றில் அவருடைய அமைப்பு வெளியாயிற்று. இரண்டு பலகைகள், அவற்றை ஓரத்திற் சேர்க்கும் ஒரு பிணைச்சல், கீழ்ப்பலகையினூடே ஏறி மேற்பலகையை உயர்த்தும் ஒரு திருகாணி. தாங்கி என்பது இவ்வளவே. பிணைச்சலின் அச்சு துருவத்தை நோக்க வேண்டும். மேற்பலகையில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தித் திருகாணியைத் திருப்பினால், கதவு திறப்பது போல மேற்பலகை எழுந்து வானோடு திரும்பும்.

இதன் கணக்கு எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்கது. வானம் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 1,436 நிமிடம் ஆகும். அங்குலத்துக்கு 20 புரிகளுள்ள திருகாணி ஒரு சுற்றுக்கு அங்குலத்தின் இருபதிலொரு பங்கு, அதாவது 1.27 மில்லிமீற்றர் உயரும். நிமிடத்துக்கு ஒரு சுற்று எனத் திருப்புவதாயின், 1.27ஐ 1,436ஆற் பெருக்கி, வட்டத்தின் பரிதிக்கும் ஆரைக்கும் உள்ள விகிதத்தால் வகுத்தால் 29 சென்ரிமீற்றர் வரும். பிணைச்சலிலிருந்து திருகாணி நிற்க வேண்டிய தூரம் அதுவே. ஒரு மில்லிமீற்றர் புரியுள்ள திருகாணி கிடைத்தால் அத்தூரம் ஏறக்குறைய 22.9 சென்ரிமீற்றர் ஆகும். கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 செக்கனுக்கு ஒருமுறை காற்சுற்றுத் திருப்பினாலே போதும். திருகாணி நேராகவும் பலகை வட்டத்திலும் செல்வதனால் நேரம் செல்லச் செல்லப் பிழை சேரும். எனினும் சாதாரண வில்லையோடு பத்து நிமிடம்வரை விண்மீன்களைப் புள்ளிகளாகவே பிடிக்க இத்தாங்கி போதும். திருகாணியை வளைத்துப் பொருத்துவோர் இன்னும் நெடுநேரம் செல்வர்.

இன்று கையின் இடத்தைச் சிறு மின்மோட்டர் பிடித்துக்கொண்டது; கண்ணாடித் தட்டின் இடத்தை இலத்திரனியற் கருவி பிடித்துக்கொண்டது. குறுகிய நேரப் படங்கள் பலவற்றைக் கணினியிற் சேர்த்து ஒன்றாக்கும் முறையும் வந்துவிட்டது. எனினும் தாங்கி பிழைத்தாற் படம் பிழைக்கும் என்பது மாறவில்லை. தோட்டமும் முற்றமும் இல்லாது, நகரத்துத் தொடர்மாடி வீட்டில் நாலடி அகலப் பல்கனி மட்டுமே உடையவர்க்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. இலங்கையிற் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலேயே நிற்பதனால், பெரும்பாலும் அயல்வீட்டுக் கூரையோ மரமோ அதனை மறைத்துவிடும். திசைகாட்டியால் வடக்கை ஏறத்தாழக் கண்டு, பிணைச்சலைக் கொழும்பில் 7 பாகைக்கும் யாழ்ப்பாணத்தில் 10 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் சாய்த்து, ஷைனரின் முறையாற் திருத்திக்கொள்வதே இங்கு ஏற்றது. பல்கனியின் தளம் நடந்தால் அதிரும். ஆகவே படம் பதியும் வரை அசையாது நிற்கவும் பழக வேண்டும்.

ஒரு வகையில் இந்நாட்டவர் கொமனைவிடப் பேறு பெற்றவர். ஈலிங்கிலே ஓரியன் தென்வானிற் தாழ்ந்தே சென்றது. இங்கே அது கிழக்கில் நேரே எழுந்து, ஏறத்தாழ உச்சியைக் கடந்து, மேற்கில் நேரே இறங்குகிறது. தை, மாசி மாத முன்னிரவுகளில் முகில் விலகும்போது, கிழக்கு நோக்கிய பல்கனிக்கும் மேற்கு நோக்கிய பல்கனிக்கும் அது முறைவைத்துக் காட்சி தரும். மூன்றாண்டுக் காலம் கொமன் முயன்று பிடித்த அந்த வாளின் வெண்மையை, இரண்டு பலகையும் ஒரு பிணைச்சலும் ஒரு திருகாணியும் கொண்டு, கணக்கைப் பிழையறச் செய்த எந்தப் பிள்ளையும் தன் வீட்டிலிருந்தே பிடித்துவிடலாம்.